மார்ஃபினைப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறோம்

கேள்வி: டாக்டர், என் அண்ணனுக்கு வயது 58. நுரையீரல் புற்றுநோய். ஏழு மாதம் முன்பு கண்டுபிடித்தபோதே முதுகெலும்புக்குப் பரவியிருந்தது. கீமோ நடந்துகொண்டிருக்கிறது. போன மாதம் புற்றுநோய் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த நோய் குணமாகாது என்று சொல்லி, “பாலியேட்டிவ் கேர் டீமையும் பாருங்கள்” என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். வலியையும் மற்ற வேதனைகளையும் தணிக்கும் மருத்துவக் குழுவாம். நாலு மணி நேரத்துக்கு ஒன்று என்று மார்ஃபின் மாத்திரையும் எழுதினார். விஷயத்தைக் கேட்டதிலிருந்து அண்ணி அழுதுகொண்டே இருக்கிறார். “கைவிட்டுட்டாங்க” என்கிறார். அந்தச் சீட்டு இன்னும் என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. மார்ஃபினைப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறோம். அண்ணன் வலி தாங்காமல் கத்தும்போது மட்டும் ஒன்று கொடுக்கிறோம். இப்போதே பழகிவிட்டால் கடைசியில் எதுவும் கேட்காதே என்ற பயம். குணமாகாது என்று அண்ணனிடம் நாங்கள் சொல்லவில்லை. “டேய், டாக்டர் உன்கிட்ட தனியா என்னடா சொன்னார்?” என்று கேட்கிறார். நான் பேச்சை மாற்றிவிடுகிறேன். அந்த டீமிடம் இப்போதே போக வேண்டுமா, இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

பொறுக்க வேண்டாம். இந்த வாரமே போங்கள்.

ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன்னால், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அண்ணனுக்கு முதுகெலும்பில் நோய் இருக்கிறது. அது வளர்ந்து தண்டுவடத்தை அழுத்தும் வாய்ப்பு உண்டு. கால் துவள்கிறது, நடை தடுமாறுகிறது, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகிறது, சிறுநீர் இறங்கவில்லை அல்லது தெரியாமலே போய்விடுகிறது, முதுகுவலி திடீரென்று மாறி உடம்பைச் சுற்றிப் பட்டை கட்டினாற்போல இறுக்குகிறது என்று இவற்றில் எதை அவர் சொன்னாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை வைத்திருக்காதீர்கள். உடனே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். முதுகெலும்பில் புற்றுநோய் பரவியிருக்கிறது என்பதைப் போன உடனேயே சொல்லுங்கள். ஸ்டீராய்டு, கதிர்வீச்சு, சிலருக்கு அறுவைச் சிகிச்சை என்று நடையைக் காப்பாற்ற வழி இருக்கிறது. கால் முழுவதும் செயலிழந்த பிறகு அதைத் திரும்பக் கொண்டுவருவது கடினம். இந்த விஷயத்தை அண்ணிக்கும் சொல்லி வையுங்கள்.

சரி, சீட்டுக்கு வருவோம்.

“கைவிட்டுட்டாங்க” என்ற சொல்லை முதல் நாளில் பல குடும்பங்களிடம் நான் கேட்டிருக்கிறேன். அண்ணி மேல் தவறில்லை. நெடுங்காலமாக, பாலியேட்டிவ் டாக்டர்களான எங்களைக் கடைசி நாட்களில்தான் கூப்பிட்டார்கள். அதனால் பாலியேட்டிவ் டாக்டர் வந்தால் முடிவு வந்துவிட்டது என்றே எல்லோரும் புரிந்துகொண்டார்கள். ஆனால் உங்கள் கடிதத்தையே இன்னொரு முறை படித்துப் பாருங்கள். அவர் “டீமையும் பாருங்கள்” என்றிருக்கிறார். அந்த ‘உம்’மைக் கவனியுங்கள். கீமோ நிற்கவில்லை, அவரும் அண்ணனைப் பார்ப்பதை நிறுத்தவில்லை. தன்னோடு சேர்ந்து பார்க்க இன்னும் சிலரைக் கூப்பிடுகிறார்.

அவர் அப்படிக் கூப்பிடுவதற்கு நல்ல காரணம் இருக்கிறது. 2010-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் நடந்தது. பரவிய நிலையில் நுரையீரல் புற்றுநோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட 151 பேரை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான புற்றுநோய்ச் சிகிச்சை. இன்னொரு குழுவுக்கு அதோடு சேர்த்து ஆரம்பத்திலிருந்தே பாலியேட்டிவ் டீமின் கவனிப்பு. இரண்டாம் குழுவினரின் அன்றாட வாழ்க்கை மேலாக இருந்தது, மனச்சோர்வும் குறைவாக இருந்தது. கடைசிக் கட்டத்தில் உடம்பை வருத்தும் சிகிச்சைகளையும் அவர்களில் குறைவானவர்களே எடுத்துக்கொண்டார்கள். அப்படியிருந்தும் அவர்கள் வாழ்ந்த இடைநிலைக் காலம், அதாவது பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம், 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9 மாதம். ஆயுள் கூடும் என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் அது தெரியவில்லை. வாழும் நாட்கள் மேம்படுவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சீக்கிரம் வந்தால் ஆயுள் குறைந்துவிடுமோ என்று அண்ணி பயந்தால், அந்தப் பயத்துக்கு இடமில்லை என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

பொறுத்துப் பார்ப்போம் என்பதில் என்ன போகிறது என்று எனக்குக் காட்டியவர் ஒரு நோயாளி. படுத்தால் வலி என்பதால் ஆறு வாரம் நாற்காலியிலேயே உட்கார்ந்து தூங்கியவர். மருந்தை மாற்றி அமைத்த மூன்றாம் நாள் கட்டிலில் காலை நீட்டிப் படுத்துத் தூங்கினார். ஒன்பது நாள் கழித்து இறந்துபோனார். அவருடைய மனைவி என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: “அந்த ஆறு வாரமும் இப்படித் தூங்கியிருக்கலாமா டாக்டர்?” தூங்கியிருக்கலாம் என்பதுதான் உண்மை. அந்த உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வலி மாத்திரையை எந்த டாக்டரும் எழுதலாமே, இதற்கென்று தனியாக ஒரு டீம் எதற்கு என்று தோன்றலாம். எழுதலாம்தான், எழுதவும் வேண்டும். சாதாரணமான தொந்தரவுகளுக்கு அதுவே போதும். உங்கள் அண்ணன் நிலைமை அப்படியில்லை. அவர் ‘முதுகு வலிக்கிறது’ என்று சொல்வதற்குள்ளேயே இரண்டு மூன்று வலிகள் கலந்திருக்கலாம். எலும்புக்குள்ளிருந்து வரும் மந்தமான, ஆழமான வலி ஒன்று. நரம்பு நசுங்கி, மின்சாரம் பாய்ந்தாற்போல காலுக்கு இறங்கும் வலி இன்னொன்று. அசையாமல் கிடப்பதால் தசை பிடித்துக்கொள்வது வேறு. நரம்பு வலிக்கு மார்ஃபின் மட்டும் பல நேரம் போதாது. அமிட்ரிப்டிலின், கபாபென்டின், பிரிகாபலின் போன்றவற்றில் ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கும். எலும்பு வலிக்குக் கதிர்வீச்சு நல்ல பலன் தரும். சிக்கல் இல்லாத எலும்பு வலியென்றால் 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவில் ஒரே ஒரு முறை கொடுப்பதே, பல நாள் நடக்கவைத்துக் கொடுப்பதற்கு ஈடாக வலியைக் குறைக்கும். பலன் தெரியச் சில வாரம் ஆகலாம் என்பதால் அதுவரைக்கும் மருந்து தாங்கிப்பிடிக்க வேண்டும். இதையெல்லாம் பிரித்துப் பார்த்து, புற்றுநோய் டாக்டரோடு பேசி முடிவெடுப்பது இந்த டீமின் வேலை.

இந்த மருத்துவத்துக்கு அடித்தளம் போட்ட சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்ஸாக இருந்தவர். அப்புறம் மருத்துவமனை சமூகப் பணியாளர், அதற்குப் பிறகுதான் டாக்டர். 1967-ல் லண்டனில், குணமாகாத நோயாளிகளைக் கடைசிவரை கவனிக்கும் இல்லமாக, செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். உடம்பு நோவு, மனக்கலக்கம், குடும்பத்தைப் பற்றிய கவலை, ‘எனக்கு ஏன் இது’ என்ற கேள்வி எல்லாம் சேர்ந்துதான் ஒருவருடைய வலி என்றார். அதை முழு வலி என்று அழைத்தார். டாக்டர், நர்ஸ், சமூகப் பணியாளர், மனநல ஆலோசகர், பிசியோதெரபிஸ்ட் என்று டீமாக நாங்கள் வேலை செய்வதற்கு அதுதான் காரணம். முதல் சந்திப்பு நீளமாகத்தான் இருக்கும். ஸ்கேனைப் பார்ப்பதோடு நிற்காமல், “இப்போ உங்களை ரொம்ப வாட்டுறது எது?” என்று அண்ணனிடம் கேட்பார்கள். வலி என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும்போது அவர் தூக்கமில்லை என்று சொல்லலாம், மகனைப் பற்றிய கவலை என்று சொல்லலாம்.

இப்போது பீரோ. உங்கள் கடிதத்தில் என் மனதை அதிகம் சங்கடப்படுத்தியது அதுதான்.

மார்ஃபின் சாதாரண மாத்திரை விழுங்கினால் வேலையைத் தொடங்க அரை மணி நேரம்போல ஆகும். சுமார் நாலு மணி நேரம் தாங்கும். அதனால்தான் நாலு மணி நேரத்துக்கு ஒன்று என்று எழுதியிருக்கிறார். நீங்கள் கொடுக்கும் முறையில் அண்ணன் முதலில் வலியை அடக்கிப் பார்க்கிறார், முடியாமல் கத்துகிறார், நீங்கள் சாவியைத் தேடுகிறீர்கள், மாத்திரையை விழுங்கி அரை மணி நேரம் தவிக்கிறார். கொஞ்சம் அமைதி கிடைக்கிறது. பிறகு மறுபடியும் முதலிலிருந்து. வலி முற்றிய பிறகு அதை அடக்குவது, வராமல் பிடித்து வைப்பதைவிடக் கடினம். அடுத்த வலி எப்போது வருமோ என்ற பயமும் சேர்ந்து வலியைப் பெரிதாக்கும். சாண்டர்ஸ் 1950-களின் கடைசியில் கவனித்துச் செய்துகாட்டியதே இதைத்தான்: நோயாளி கேட்டுக் கெஞ்சும் வரை காத்திருக்காமல், நேரத்துக்கு முறையாகக் கொடுப்பது. 1986-ல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதலும் முடிந்தவரை வாய்வழியாக, கடிகாரத்தைப் பார்த்து, படிப்படியாக என்றே சொன்னது.

பழகிவிட்டால் கடைசியில் கேட்காது என்ற பயம் பாரசிட்டமால் போன்ற மருந்துகளைப் பார்த்து வந்திருக்கலாம். அவற்றுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று எல்லை உண்டு. புற்றுநோய் வலியில் மார்ஃபினுக்கு அப்படி ஒரே எல்லை எல்லோருக்கும் கிடையாது. தேவையையும் உடம்பு தாங்குவதையும் பார்த்து டாக்டர் மெல்ல மெல்லக் கூட்டுவார். பலர் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஒரே அளவிலேயே இருப்பார்கள். கூட்ட வேண்டி வந்தால் பெரும்பாலும் நோய் வளர்ந்திருப்பதுதான் காரணம். ஆகவே இன்றைக்கு மிச்சம் பிடித்து நாளைக்கு வைப்பதற்கு இதில் ஒன்றும் இல்லை.

அடிமையாகிவிடுவாரோ என்பது அடுத்த பயம். தொடர்ந்து எடுத்தால் உடம்பு மருந்துக்குப் பழகும், அதனால் திடீரென்று நிறுத்தக் கூடாது, குறைத்துக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். மருந்துக்காக ஏங்கி, அதையே தேடி அலையும் போதை நிலை வேறு. வலிக்கு டாக்டர் கண்காணிப்பில் எடுக்கும் புற்றுநோயாளிகளிடம் அதை நாங்கள் அரிதாகவே பார்க்கிறோம். முன்பு குடி, போதைப் பழக்கம் ஏதாவது இருந்திருந்தால் மட்டும் டீமிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அதற்காக வலி மருந்தை மறுக்க மாட்டார்கள், இன்னும் நெருக்கமாகக் கவனிப்பார்கள். சரியான அளவில் படிப்படியாகக் கொடுக்கும் மார்ஃபின் உயிரைச் சீக்கிரம் எடுத்துவிடும் என்பதும் உண்மையில்லை.

தொந்தரவே இல்லாத மருந்தென்று சொல்லவில்லை. மலச்சிக்கல் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வரும், நாளாக நாளாகக் குறையவும் குறையாது. அதனால் மார்ஃபின் எடுக்கும் காலம் முழுவதும் தினமும் மலமிளக்கி வேண்டும். உங்களுக்கு அதை எழுதித் தரவில்லையென்றால் கேட்டு வாங்குங்கள். மலச்சிக்கலால் வயிறு உப்பி, வலியைவிட அதுவே பெரிய வேதனையாகிவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். குமட்டல் வந்தால் பெரும்பாலும் முதல் வாரத்தோடு அடங்கும். முதல் சில நாள் தூக்கக் கலக்கம் இருக்கும். அதில் ஒரு பகுதி, இத்தனை நாள் வலியால் தூங்காமல் சேர்ந்த அசதி. ஆனால் எழுப்பினால் எழவில்லை, மூச்சு மிக மெதுவாகிவிட்டது என்றால் அடுத்த மாத்திரையைக் கொடுக்காதீர்கள், உடனே அவசர உதவியைக் கூப்பிடுங்கள். கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறது, இல்லாததைப் பார்த்துப் பேசுகிறார் என்றால் அன்றைக்கே டீமுக்குப் போன் செய்யுங்கள். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்களுக்கு மார்ஃபினின் கழிவுகள் உடம்பில் தேங்கும். அவர்களுக்கு ஃபென்டனில் போன்ற வேறு மருந்துக்கு மாற்றுவார்கள்.

பூட்டி வைப்பது சரிதான். குழந்தைகள் கைக்கும் வேறு யார் கைக்கும் அது போகக் கூடாது. சாவி ஒருவரிடம் இருக்கட்டும், கடிகாரத்தைப் பார்த்துப் பீரோ திறக்கட்டும். நீங்களாகவே அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். அப்புறம், மிக முக்கியமாக, இத்தனை நாள் கத்தும்போது மட்டும்தான் கொடுத்தோம் என்ற உண்மையை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும். சொல்லாவிட்டால், நாலு மணி நேரத்துக்கு ஒன்று கொடுத்தும் வலி அடங்கவில்லை என்று நினைத்து அவர் அளவைக் கூட்டிவிடுவார். நீங்கள் அதை ஒழுங்காகக் கொடுக்கத் தொடங்கும் அன்றைக்கு அண்ணனுக்கு அது அதிகமாகிவிடும்.

மூச்சுத் திணறலும் இந்த நோயில் வரலாம் என்பதால் ஒரு வார்த்தை. முன்பக்கம் சாய்ந்து, கைகளைத் தலையணை மேல் ஊன்றி உட்காரவைத்து, சின்ன விசிறியின் காற்று மூக்கிலும் கன்னத்திலும் படும்படி வையுங்கள். எளிய விஷயம்தான், ஆனால் உண்மையாகவே இதம் தரும்.

கடைசியாக, உங்கள் அண்ணனின் கேள்வி.

“தனியா என்னடா சொன்னார்?” என்று ஒருவர் திரும்பத் திரும்பக் கேட்டால், ஏதோ இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். உடம்பு அவருடையது. மெலிவதும் வலி கூடுவதும் உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அவருக்குத் தெரியாதது, இதைப் பற்றி உங்களிடம் பேசலாமா கூடாதா என்பதுதான். நீங்கள் பேச்சை மாற்றும்போது கூடாது என்று புரிந்துகொள்கிறார். அப்புறம் அவரும் உங்களுக்காக நடிக்கத் தொடங்குவார். ஒரே வீட்டில் மூன்று பேரும் தனித்தனியாக அதே துக்கத்தைச் சுமப்பீர்கள்.

அதற்காக இன்று ராத்திரியே எல்லாவற்றையும் போட்டு உடைக்கச் சொல்லவில்லை. அடுத்த முறை அவர் கேட்டால், பக்கத்தில் உட்காருங்கள். “நீங்க என்ன நினைக்கிறீங்க அண்ணா?” என்று கேளுங்கள். அவர் எதுவரை போகிறாரோ அதுவரை கூடவே போங்கள். “குணமாகாதோன்னு தோணுதுடா” என்று அவரே சொல்லலாம். அப்போது அவசரப்பட்டு இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். “எனக்கும் அந்தப் பயம் இருக்கு அண்ணா. டாக்டர்கிட்ட ரெண்டு பேரும் சேர்ந்து கேட்போம்” என்று சொன்னால் போதும். ‘எனக்கு எதுவும் தெரிய வேண்டாம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று அவர் சொன்னால் அதுவும் அவர் உரிமை, அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பொய் மட்டும் சொல்லாதீர்கள். பின்னால் அது வெளிப்படும்போது நோயைவிட அந்தப் பொய் அவரை அதிகம் தனிமைப்படுத்தும். எவ்வளவு சொல்வது, எப்போது நிறுத்துவது என்பதில் எங்கள் டீமில் இருப்பவர்களுக்குப் பயிற்சி உண்டு. பாரத்தை அவர்களிடம் கொஞ்சம் இறக்கி வையுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. கீமோ உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால் தொடரலாமா வேண்டாமா, தன்னால் பேச முடியாமல் போனால் யார் முடிவெடுக்க வேண்டும், கடைசிக் காலத்தில் வீட்டில் இருக்க விருப்பமா மருத்துவமனையிலா என்பவை அண்ணன் சொல்ல வேண்டிய பதில்கள். தெளிவோடு இருக்கும்போதே கேட்டால்தான் அவரால் சொல்ல முடியும்.

அண்ணியைப் பற்றியும் டீமிடம் சொல்லுங்கள். ஒரு மாதமாக அழுதுகொண்டும், ராத்திரி கண்விழித்துக்கொண்டும் இருப்பவருக்கும் கவனிப்பு வேண்டும், அதுவும் எங்கள் வேலையிலேயே சேர்ந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு வலி வந்தால் எந்த மருந்து, எவ்வளவு, யாருக்குப் போன் செய்வது என்று எழுதி வாங்கி அவர் கையில் கொடுங்கள். அந்தத் தாள் வந்த பிறகு பயம் கொஞ்சம் இறங்கி, தூங்க முடிந்தவர்கள் நிறைய பேர்.

நாளைக் காலை அந்தச் சீட்டை எடுத்து, அதில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்து நேரம் வாங்குங்கள். மாத்திரை எப்போது எப்படிக் கொடுப்பது என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். போகும் நாள் வரைக்கும் மாத்திரை கொடுத்த நேரம், அதற்கு முன்னால் பத்துக்கு எவ்வளவு வலி, ஒரு மணி நேரம் கழித்து எவ்வளவு, மலம் போனதா என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். அண்ணனையும் கூட்டிக்கொண்டு போங்கள். டாக்டருக்கு எதிரே இருக்கும் நாற்காலியில் அவரே உட்காரட்டும், நீங்களும் அண்ணியும் அவருக்குப் பக்கத்தில் உட்காருங்கள்.